வாய் திறக்கச் சொல்லாத வகுப்பு

1945-ஆம் வருஷம். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு சங்கத்தின் கொட்டகையில், சனிக்கிழமை மத்தியானங்களில் பதினான்கு தமிழ்ப் பெண்களுக்கு ராஜலக்ஷ்மி இந்தி சொல்லிக்கொடுத்தாள். பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், வாத்தியார் பயிற்சியான பி.டி. படித்தவள். 'கா, கீ, கே' என்று வேற்றுமை உருபுகளைப் பாட்டுப்போல ஒப்பிக்க வைத்தாள். எல்லோரும் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள்.

தை மாதம் அந்தப் பெண்களில் ஒருத்தியான ஆவுடையம்மாளின் மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் கேட்டதற்குத் தாயால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"காவா கீயான்னு யோசிச்சிக்கிட்டே நின்னேன் டீச்சரம்மா. அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாவ" என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் தானாக விட்டதுதான் புண்ணியம்.

ராஜலக்ஷ்மிக்கு அது உறுத்தியது. பி.டி. படிக்கையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்திருந்தாள். புது மொழியைச் சில வாரங்கள் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் பிற்பாடு தயங்காமல் பேசினார்கள் என்றது அது. பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியதோடு மறந்துபோயிருந்தாள்.

அடுத்த வகுப்பில் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"இனிமே யாரும் பேச வேண்டாம். நான் சொல்றதைச் செஞ்சா போறும்."

குடத்தை எடு, ஜன்னலைச் சாத்து என்று இந்தியில் சொல்லி, முதலில் தானே செய்து காட்டினாள். பெண்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

ஐந்தாம் வாரம் சங்கச் செயலாளர் நம்பிராஜன் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ஒருத்தியும் வாயத் தொறக்கக் காணோமே?"

"இன்னும் ஒரு மாசம் குடுங்கோ சார்" என்றாள். குரலில் இருந்த உறுதி மனசில் இல்லை.

ஏழாம் வாரம் அவள் போனபோது கொட்டகை பூட்டிக் கிடந்தது. வடக்கத்திக் காவல்காரர் சாவியைத் தர மறுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஆவுடையம்மாள் நின்று பொரிந்து தள்ளினாள்.

"தர்வாஜா கோலோ பாய்! டீச்சர் ஆதா ஹை! ஹம் கிதர் பைட்டேகா?"

கதவைத் திற, டீச்சர் வருகிறார், நாங்கள் எங்கே உட்காருவது. மூன்று வாக்கியத்தில் இரண்டு பிழை, 'ஆதீ' என்பதற்கு 'ஆதா' சொல்லி டீச்சரையே ஆணாக்கிவிட்டாள். திருத்தத் துடித்த நாக்கை ராஜலக்ஷ்மி அடக்கிக்கொண்டாள். காவல்காரர் முணுமுணுத்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

மழைக்காலத்துக்குள் பதின்மூன்று பேர் பேசினார்கள். இலக்கணத்தை அதன் பிறகே தொட்டாள். நம்பிராஜனும் வகுப்பை நிறுத்தவில்லை. தங்கமயில் என்பவள் மட்டும் எல்லாம் புரிந்துகொண்டு, சொன்னதையெல்லாம் செய்துகொண்டு, ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தாள். அப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. ராஜலக்ஷ்மி ஒரு நோட்டு வாங்கினாள். தங்கமயில் எப்போது தலை நிமிர்கிறாள், எந்தச் சொல்லுக்கு அவள் உதடு அசைகிறது என்று வாராவாரம் எழுதிவர ஆரம்பித்தாள்.