மேசைக்குக் கீழிருந்த துவக்கு

மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் ஒரு டெய்ரி நடத்துகிறோம்; இங்கே மூலைக்கடையை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு மாலை ஒருவன் கத்தியோடு கடைக்குள் நுழைந்து, தள்ளுவண்டியில் கிடந்த என் மகளின் அருகில் நின்று காசு கேட்டான். என் கணவர், முயல் சுட லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த துவக்கை மேசைக்குக் கீழிருந்து எடுத்து நீட்டினார். அவன் ஓடினான், அடுத்த தெருவில் பிடிபட்டான்.

விசாரிக்க வந்த பொலிஸாருக்குத் தேநீர் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கேட்குமுன்னே எல்லாவற்றையும் சொல்லித் தப்பிய பழக்கம் எனக்கு. கள்ளருக்காகவே துவக்கை அங்கே வைத்திருக்கிறோம் என்று நானாகவே விளக்கினேன். இந்த நாட்டுச் சட்டம் அந்தக் காரணத்தை ஏற்காது என்பது எனக்குத் தெரியாது. கணவர்மீது வழக்குப் போட்டார்கள். தண்டனை கிடைத்தால் விசாவும் போகலாம் என்றார் வழக்கறிஞர்.

"தேத்தண்ணியோட என்னையும் ஊத்திக் குடுத்திட்டீர்" என்றார் கணவர்.

அந்த வழக்கில் கள்ளனே சாட்சி. துவக்கைக் கண்டு நடுங்கிப்போனதாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். நீதிபதி கணவரைத் தண்டிக்காமல் விட்டார். துவக்கும் லைசென்ஸும் போயின.

பிறகு அவனுடைய வழக்கு வந்தது. தண்டனையைத் தீர்மானிக்குமுன் நீதிபதி பார்ப்பதற்காக, எங்களுக்கு நேர்ந்த பாதிப்பைப் பொலிஸார் கேட்டார்கள். இம்முறை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, குழந்தையின் போர்வையில் கத்தி உரசியது முதல் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் சிறைக்குப் போனான்.

இப்போதெல்லாம் வழக்கறிஞரைக் கேட்காமல் பொலிஸாரிடம் வாய் திறப்பதில்லை.

"அவனுக்காகவும் செபியுங்கோ பிள்ளை" என்கிறார் எங்கள் ஃபாதர்.

"ஓம் ஃபாதர், செபிக்கிறன்."

அவனைத் தண்டனைக் காலம் முடியுமுன்னே விட்டுவிடக் கூடாது என்றுதான் செபிக்கிறேன்.