சீமை ரம்பமும் ஒரு கப்பல் டிக்கெட்டும்

இந்தத் தீவில் எங்கள் வீட்டுச் சோறு படாக் மரத்தில் வேகிறது. இதை ஊருக்கு எழுதியபோது, புளுகினாலும் பொருந்தப் புளுகுங்கள் என்று மைத்துனர் பதில் போட்டார். தூத்துக்குடிப் பக்கம் அந்த மரத்தில் ஒரு கட்டில் செய்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். இங்கே அறுப்பு மில்லில் கழித்துப்போட்ட துண்டுகளைச் சாக்கில் அள்ளிவந்து அடுப்பில் வைக்கிறோம். ஆனால் அந்தச் சிவந்த மரத்தை அறுக்க நல்ல ரம்பம் வேண்டுமென்றால் அது கப்பலில்தான் வரவேண்டும். யானை விலை சொல்வார்கள். ஊரில் மரம் விலை, கருவி மலிவு. போர்ட் பிளேயரில் நேர்மாறு. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் பணமும் கொஞ்சம் மானமும் செலவாயின.

ஊரில் நான் உளியைத் தொட்டவனே அல்ல. கதவு இறங்கினால் ஆசாரிக்கு ஆள் அனுப்புவோம். நாமே கையில் எடுத்தால் தெரு சிரிக்கும். இங்கே வந்த முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து திரும்பினால் நாங்கள் குடியிருந்த மின்னி பே முழுக்கச் சுத்தியல் சத்தம். கம்பவுண்டர் ஜன்னல் வைக்கிறார், தபால் ஆபீஸ் பாபு கோழிக்கூடு அடிக்கிறார். ஆசாரிமார் எல்லாரும் சர்க்கார் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் அவரவர் வீட்டுக்கு அவரவரே கதி.

எங்கள் வீடு தகரக் கூரை, பலகைச் சுவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். முதல் வருட மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக நகர்ந்தோம். அடுத்த மழைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது என் மனைவி ரோசம்மாளுக்கு ஐந்து மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது முறை. அவளுடைய கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துவைத்திருந்தேன். போனால் திரும்பி வருவாளா என்ற பயமும் எனக்கு இருந்தது. ஒழுகுகிற வீட்டுக்குக் கைப்பிள்ளையோடு எந்தத் தாய் மகளை அனுப்புவாள்?

ஒருநாள் அவளே சொன்னாள்: "நனையாத ரூம் ஒண்ணு இருந்தா நான் இங்கயே பெத்துக்கிடுவேன்."

அபெர்தீன் பஜாருக்கு ஓடினேன். கடைக்கார பாய் கடையநல்லூர்க்காரர். இரண்டு ரம்பம் எடுத்துப் போட்டார். ஒன்று நாட்டு ரம்பம். மற்றது சீமை ரம்பம். அதன் விலைக்குக் கப்பல் டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

"என்ன மரம் ஸார் அறுக்கப் போறிய?" என்றார்.

விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எண்ணி, "மரந்தான பாய், எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். கடைக்காரர் சொல்வதற்கு எதிராகச் செய்தால் லாபம் என்பது நம்மூர்ப் புத்தி. வாசலில் கிடந்த சோப்புப் பெட்டியில் நாட்டு ரம்பத்தைச் சோதித்தேன். வெண்ணெயாக அறுத்தது. அது மெயின்லேண்டிலிருந்து வந்த மாமரப் பெட்டி என்பது அப்போது உறைக்கவில்லை.

நாட்டு ரம்பத்தையே வாங்கிவந்தேன். படாக் பலகையில் கால்வாசி போவதற்குள் பல் மழுங்கிவிட்டது. பாதியில் ரம்பமே கோணிக்கொண்டு நின்றது. நான் மல்லுக்கட்டுவதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த பக்கத்து வீட்டு வங்காளி, மண்டல், "பாபு, ஆப் மிஸ்திரி ஹை க்யா?" என்று கேட்டார். நீங்கள் தச்சரா என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் ஒருவன் அப்படிக் கேட்டால் குலத்தை இழுக்கிறான் என்று அர்த்தம். "நஹி! ஹம் கிளார்க் ஹை" என்று விறைத்தேன். அவர் முகம் வாடி உள்ளே போய்விட்டார்.

வளைந்த ரம்பத்தை ரோசம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டிக்கெட்டுப் பணத்த எடுங்க. அந்த நல்லத வாங்குவோம்."

"வாங்கிட்டா நீ ஊருக்குப் போக முடியாதே."

"தெரிஞ்சுதான சொல்லுதேன்."

சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்தன. என் வேலை பிசகினால் ஒழுகல் இருக்கும், கப்பல் இருக்காது.

மறுநாள் கடைக்கு அவளும் வந்தாள். பாய் சீமை ரம்பத்தை எடுத்ததும், பைக்குள்ளிருந்து ஒரு படாக் விறகை உருவி, "இதுல அறுத்துக் காட்டுங்க" என்றாள்.

பாய் சிரித்துவிட்டார். "ஸார், உங்க வீட்ல இவங்கதான் பக்கா மிஸ்திரி."

ரம்பம் கறகறவென்று இறங்கியது. சிவப்புத் தூள் அவள் சேலையில் கொட்டியது.

ஆறு ஞாயிறு பலகை அறுத்து, ஓர் அறையின் இடுக்குகளை அடைத்தேன். நடுவில் கப்பல் அவளில்லாமலே போயிற்று. முதல் மழை இறங்கிய அன்று இரண்டு பலகை பாக்கி. நான் தடுமாறுவதைக் கண்ட மண்டல், கூப்பிடாமலே வேலி தாண்டி வந்து பலகையைத் தாங்கிப் பிடித்தார். கடைசி ஆணி இறங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாபு, மேரா கிட்கி பீ பனா தேகா?" அவர் வீட்டு ஜன்னலையும் செய்து தர முடியுமா என்கிறார். அன்றைக்கும் இதைக் கேட்கத்தான் வாயெடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த ஞாயிறே செய்து கொடுத்தேன். சற்றுக் கோணல்தான், ஆனால் திறக்கும்.

விலை கூடிய கருவி வீட்டு வேலைக்குத் தேவையா என்று புதிதாக வந்திறங்குகிறவர்கள் கேட்கிறார்கள். சுத்தியலுக்கு வேண்டாம், என் மலிவுச் சுத்தியல் இன்றும் அடிக்கிறது. பல்லும் கூரும் உள்ளதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். உப்புக் காற்றுக்குச் சீமையும் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு பலகை அறுப்பவர் வாங்கவே வேண்டாம், என்னிடம் இரவல் கேளுங்கள்.

ஆவணியில் பெண் பிறந்தாள். மழை அடித்த அடியில் அவள் அழுகையே சரியாகக் கேட்கவில்லை. அறையில் ஒரு சொட்டு விழவில்லை.

மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. மழை விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருங்கள் என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். ரோசம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே, "நாங்க வீட்லதான் இருக்கோம்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வாரோம்னும் எழுதுங்க" என்றாள்.

அதையும் எழுதி, இரண்டு வரியில் எதையும் அடிக்காமல் உறையை ஒட்டி அனுப்பினேன்.