உரப்பையில் வந்த சாட்சி

நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்தில் சருகு அள்ளிக்கொண்டிருந்தபோது புடையன் எனும் கொடிய விரியன் பாம்பொன்று என் காலைத் தீண்டியது. ஓடிவந்த அயலவர் நால்வரும், கடித்த பாம்பை வைத்தியருக்குக் காட்டியே ஆகவேண்டுமென ஒருமனதாகத் தீர்மானித்து, என்னை வரம்பில் இருத்திவிட்டுச் சருகைக் கிளறத் தொடங்கினர். முச்சக்கரவண்டிக்காரரும் அவர்களுள் ஒருவர்.

"டாக்குத்தர் பாம்புக்கோ மருந்து குடுக்கப்போறார்? முதல்லை இந்த மனுசனை ஏத்துங்கோ!" என்று என் மனைவி கத்திய பின்னரே வண்டி புறப்பட்டது. மற்ற மூவரும் தேடலைக் கைவிடவில்லை.

வைத்தியர் பாம்பைக் கேட்கவேயில்லை. என் இரத்தம் உறையாததைக் கண்டு, விரியன் நஞ்சென அறிந்து உடனே மருந்தேற்றினார். மாலையில் அம்மூவரும் ஓர் உரப்பையுடன் கட்டிலருகே வந்தனர்.

"அண்ணை, ஆளைப் பிடிச்சிட்டம்!"

பையினுள் செத்துக் கிடந்தது நஞ்சில்லாத சாரை. அதை நம்பியிருந்தால் வைத்தியர் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். என் பாடையைத் தூக்கவும் இவர்களே முதலில் வந்திருப்பர்.