அண்ணன் முறை

எங்கள் கம்பெனியில் பெண்கள் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தார்கள். வேலை நேரம் வீணாகக் கூடாதல்லவா. எண்ணூர் பக்கம் இறால் கம்பெனி அது. நின்றபடியே ஓடு உரிக்கிற பெண்கள் நாங்கள். குப்பத்துக்காரிகள், வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், ஜார்க்கண்டிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கிற சின்னப் பெண்கள் எல்லாரும் உண்டு.

பேச வந்த பெரிய மனிதர் துப்பட்டாவுக்குப் பின் குத்தச் சொன்னார். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரச் சொன்னார். கேட்கவேண்டிய ஆண்களைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை. திருடனை விட்டுவிட்டுப் பூட்டுக்குப் புத்தி சொல்கிற கூட்டம். ஜார்க்கண்ட் பெண்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நாங்கள் கை தட்டிய இடத்தில் அவர்களும் தட்டினார்கள்.

கேட்கவேண்டியவர்களில் ஒரே ஒருவன் மட்டும் இருந்தான். மைக் பிடித்துக் கொடுத்த எங்கள் சூப்பர்வைசர். போன வாரம் ஐஸ் ரூமில் கதவைச் சாத்தி, என் பக்கத்து மேசைக்காரி மேல் கை வைத்தவன் அவன்தான். அவள் திருவொற்றியூர்க்காரி, வாயாடி. அன்று வெளியே வந்தவள் நேராக மேசைக்குப் போய் ஓடு உரித்தாள். மறுநாள்தான் என்னிடம் சொன்னாள், அதற்கப்புறம் மேனேஜரிடம் சொன்னாள். மேனேஜர் கண்டுபிடித்த மருந்துதான் இந்தக் கூட்டம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை.

பெரிய மனிதர் பிஸ்கட் தின்றுவிட்டுக் கிளம்பியதும், மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார். அவளை மட்டும் எழுப்பினார்.

"நம்ம கம்பெனி ஒரே குடும்பம்மா. நாலு பேர் எதிர்ல இவன ஒரு வாட்டி அண்ணான்னு கூப்ட்று. அவனும் தங்கச்சின்னு சொல்லிடுவான். மேட்டர் முடிஞ்சிது. போலீசு கீலீசுன்னு போனா நாளைக்கு வேலைக்கு வரவேணாம்."

இந்த வைத்தியம் எங்கள் ஊரில் புதிதல்ல. முறை சொல்லிவிட்டால் செய்தது எல்லாம் கழுவிப் போய்விடும் என்று நம்புகிற மடையர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சூப்பர்வைசர் அதற்குள் அண்ணன் முகத்தை மாட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் வயிறு. கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் மேனேஜரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவர அண்ணான்னு கூப்டாத நாள் எது சார்? அன்னிக்கு ஐஸ் ரூம்லயும் 'வுடுண்ணா, வுடுண்ணா'ன்னுதான் கெஞ்சிகினு இருந்தேன். அப்போ காதுல வுழல. இப்போ மட்டும் வுழுமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீ வயசுல பெரியவ, எடுத்துச் சொல்லேன்."

"அவ சொன்னதே போதும் சார். ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போறேன்" என்று எழுந்தேன்.

எதிர் பெஞ்சில் இருந்த ஜார்க்கண்ட் பெண் என் கையைப் பிடித்து, என்ன நடக்கிறது என்று இந்தியில் கேட்டாள். அவர்கள் ஊரில் அண்ணனுக்கு பய்யா என்பார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஐஸ் ரூமில் இவள் அவனை பய்யா, பய்யா என்று கூப்பிட்டும் விடவில்லையாம் என்றேன்.

அந்தப் பெண் தன் தலையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நானும் பய்யான்னுதான் கூப்பிட்டேன்" என்று தன் மொழியில் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினாள்.