முதல் மரியாதை இல்லாத கோயில்

எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்கு அலைந்தவன் நான். முதல் மாலை விழுந்தது அண்ணன் கழுத்தில். பதினோரு வருடமாக எந்தக் கோயிலுக்கும் நான் போனதில்லை.

இன்று மதுராந்தகம் பக்கம், வயலோரத்தில் இருக்கும் சிறிய புத்தர் கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"இங்கே முதல் மரியாதை யாருக்கு?"

"அதெல்லாம் இங்க இன்னாத்துக்கு நைனா? மெழுகுவத்திய ஏத்திட்டு கொஞ்ச நேரம் குந்து."

உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஒருவர், கையிலிருந்த டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

இந்தக் கோயிலுக்கு வர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்.