தே தாரிக் நிறத்தில் ஒரு கைப்பை

போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கிள்ளானில் எங்கள் வீட்டில், எனக்கு விடுப்பு கிடைத்த ஒரு சனிக்கிழமை காலை, நல்ல காரியம் செய்யப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. வேலை நிரந்தரமானதும் தனக்கென்று ஆசைப்பட்டு அவள் வாங்கியது ஒரே ஒரு பழுப்பு நிறத் தோல் கைப்பை. விசேஷங்களுக்கு மட்டும்தான் எடுப்பாள். மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம். அவள் ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், சாயங்காலம் வந்துவிடுவாள். பையின் முன்பக்கம் சின்னதாக ஒரு பேனாக் கோடு. அழித்து வைத்தால் சந்தோஷப்படுவாளே என்று, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். கோடு போனது. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு நிறமும் போனது.

நண்பர் ஒருவர் சொல்லி, மேருவில் கார் சீட் தைக்கும் கடைக்கு மோட்டாரில் பறந்தேன். அங்கே கணவர் தைக்கிறார். சாயம் கலப்பது அவர் மனைவி. அந்த அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதப் போட்டுத் தேய்ச்சீங்க?"

சொன்னேன். "நல்லாத் தேய்ச்சீங்க போங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கிண்ணத்தில் நிறங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பையின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, முடி காயவைக்கும் டிரையரைக் காட்டினார். ஈரத்தில் சரியாக இருந்த நிறம் காய்ந்ததும் கருத்தது. வெள்ளை சேர்த்தார். சாம்பல் தட்டியது. நான்கு பொட்டு வைத்தாயிற்று, மணி இரண்டும் ஆயிற்று.

"கிட்டத்தட்ட வந்துருச்சி. போதுமாண்ணே?" என்றார். என் மனைவியிடம் கிட்டத்தட்ட என்பதெல்லாம் செல்லாது. கிண்ணத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்த என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அக்கா, இது தே சி. பை வந்து தே தாரிக்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடையில் தண்ணி கலக்குகிறவன். டீ, காப்பி, மைலோ எல்லாம் என் கைதான். தே சிக்கு ஊற்றுவது சீனி இல்லாத டின் பால். டீ வெளுத்துப் போகும். உயரத் தூக்கி இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்கு இனிப்பு டின் பால். அதில் ஒரு மஞ்சள் உண்டு.

"வெள்ள வேணாங்க்கா. மஞ்சள் விட்டுப் பாருங்க."

ஒரு சொட்டு விட்டார். "இப்ப?" "டீத்தூள் பத்தல." பழுப்பு விட்டார். "இப்ப?" "இன்னும் கொஞ்சூண்டு மஞ்சள்." தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் கணவர், "எனக்கு ஒரு காப்பி லா, பாஸ்!" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் நானும் சிரித்தேன்.

ஐந்தாவது பொட்டு காய்ந்ததும் அதை எங்கே வைத்தோம் என்று மூவரும் தேடினோம். அதே சாயத்தை முன்பக்கத்திலும் பழைய நான்கு பொட்டுகள் மேலும் பூசிக் காயவைத்தார்.

"இப்படிக் கண்ண வச்சிக்கிட்டு எங்கண்ணே வேல செய்றீங்க?" என்று கேட்டார் அக்கா. யாராவது கேட்டால் "ரெஸ்டோரண்ட்ல" என்று முணுமுணுத்துப் பேச்சை மாற்றுவது என் வழக்கம். அன்று என்னவோ, "கடையில தண்ணி கலக்குறேங்க்கா" என்றேன், மெதுவாகத்தான்.

"அதான பாத்தேன்! நானும் அதே வேலதான்" என்றார், விரலில் இருந்த சாயத்தைக் காட்டி.

மறுநாள் கல்யாணப் பந்தியில் அதற்கு மேல் மனசு தாங்காமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய்ப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க?"

இங்கே என்று தொட்டேன். இல்லை, அங்கே. எனக்கே தெரியவில்லை.

"சும்மா கத விடாதீங்க லா" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிழையை நானே ஒப்புக்கொண்டும் நம்ப ஆள் இல்லை! எங்கள் சிரிப்பைப் பார்த்து, எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எங்கே வேலை என்று கேட்டார்.

"சாப்பாட்டுக் கடையில தண்ணி கலக்குறேன் அங்கிள்" என்றேன். மனைவி வியப்பாகத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் என் வேலையின் பெயரை முழுதாகச் சொல்கிறேன்; சொல்லும் ஒவ்வொரு முறையும் மனசு நிறைகிறது.