ஆச்சியின் பங்கில் மரநாய்

ஊருக்குள் வாழும் மரநாய்களைப் பற்றி ஆராய ஒரு பெண் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்தார். ஏணி ஏறத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டுமென்று என்னைப் பயிற்சி உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். நான் வெள்ளையடிக்கிறவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "நரைச்ச பெறகு ட்ரெயினிங்காண்ணே?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். டீயைக் குடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டையூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில், ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே ஒரு மரநாய் குட்டி போட்டிருந்தது. காவல்காரரிடம் கேட்டு, வெளியிலிருந்து ஏணி போட்டு ஓட்டு இடுக்கு வழியே பார்த்தோம். அந்தப் பெண் குட்டிகளை நெருங்கவே இல்லை. கேமராவைத் தூரத்தில் பொருத்திவிட்டு, எச்சத்தில் கிடந்த விதைகளை நகை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படி ஒரு பொறுமையை நான் எங்கும் கண்டதில்லை.

முன்னோருக்குப் படைப்பு நடத்த, அந்த வீட்டில் ஒரு பங்குக்காரரான ஆச்சி வந்து வீட்டைத் திறந்தார். மச்சில் சத்தம் கேட்டதும் புகை போட ஆளை வரவழைத்துவிட்டார். புகை போட்டால் தாய் ஓடிவிடும். குட்டிகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

அந்த வீட்டில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை. ஒருவர் அறையில் இன்னொருவர் கைவைக்க மாட்டார். "பக்கத்துப் பங்காளி அறைக்கு மேலன்னு சொல்லிருங்க மேடம். ஆச்சி தொட மாட்டாக" என்று மெல்லச் சொன்னேன்.

அவர் தலையசைத்து மறுத்துவிட்டு ஆச்சியிடம் போனார். "உங்க அறைக்கு மேலதான் ஆச்சி இருக்கு. மூணு குட்டி. கொஞ்சம் வளர்ந்ததும் தாயே கூட்டிட்டுப் போயிடும்."

"எம் பங்குலயா?" ஆச்சி அண்ணாந்து பார்த்தார். "அடுத்தவுக பங்குன்னா போனப் போட்டுக் கேக்கணும். அவுக பொகையப் போடுன்னுதான் சொல்லுவாக. எம் பங்குல கெடக்குறதுக்கு நான் சொல்றதுதான். ஏப்பா, பொகை வேணாம், சட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ!"

என் பேச்சை மேடம் கேட்டிருந்தால்?

"மரநாய் வாசனை வரும் ஆச்சி, அரிசி வேகுற மாதிரி" என்று அதையும் மறைக்காமல் சொன்னார் அந்தப் பெண்.

"வரட்டும். வர்ற சொந்தக்காரவுக படைப்புச் சோறுன்னு நெனச்சுக்கிருவாக."

ஆச்சி தன் அறையைச் சாத்தினார். படைப்பு முடியும்வரை, வந்த சொந்தக்காரர்களோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.